புகையைப் பார், சக்கரத்தைப் பார்

"வண்டி இழுக்கல மேஸ்திரி" என்று சொல்லிக்கொண்டேதான் வருவார்கள். மார்கழிக் கடைசியில் நவரை நெல் பட்டத்துக்குச் சேடை, அதாவது சேற்றுழவு, ஓட்டத் தொடங்கும்போது என் பட்டறை வாசலில் நிற்கும் ட்ராக்டர்களில் பாதிக்கு மேல் இந்தப் புகார்தான். வரும்போதே நோய்க்குப் பெயரும் வைத்துவிடுவார்கள். ஒருவர் கிளட்ச் என்பார், ஒருவர் டீசல் பம்ப் என்பார், இன்னொருவர் எஞ்சினே இறங்கிவிட்டது என்பார். மூன்றுமே ஆயிரக்கணக்கில் செலவு வைக்கும் பெயர்கள். அந்தப் பெயரை நம்பி உடனே ஸ்பேனரை எடுக்கும் மெக்கானிக், விவசாயியின் பணத்தோடு அவருடைய பட்டத்தையும் சேர்த்து வீணாக்குகிறான். ஏரி மடை திறந்து வயலுக்குத் தண்ணீர் வந்துவிட்டால் நாற்றங்காலில் நாற்று காத்திருக்காது.

பெரிய காஞ்சிபுரத்தில் ட்ராக்டர் பட்டறையா என்று பட்டுப்புடவை எடுக்க வருகிறவர்கள் வியப்பதுண்டு. பிள்ளையார்பாளையத்துத் தறிச் சத்தமும் ஏகாம்பரநாதர் கோயிலும்தான் அவர்களுக்கு இந்த ஊர். ஆனால் கைலாசநாதர் கோயிலைத் தாண்டினால் வயல்தான். மேற்கே திருப்புட்குழி, பாலுசெட்டிசத்திரம், தாமல். தெற்கே செவிலிமேடு, பாலாற்றைத் தாண்டினால் களக்காட்டூர், மாகரல். கிழக்கே வாலாஜாபாத், தென்னேரி. எல்லாம் ஏரியை நம்பிய ஊர்கள். ஏரியில் தண்ணீர் நிற்கும் அளவைப் பார்த்துச் சொர்ணவாரி, சம்பா, நவரை என்று பட்டம் மாறும். கேஜ் வீல் மாட்டிக் களிமண்ணில் சேடை ஓட்டுவது ஒரு வேலை, உழவில்லாத நாளில் அதே வண்டியில் டிரெய்லர் மாட்டிச் செங்கல்லும் வைக்கோலும் இழுப்பது வேறு வேலை. இரண்டிலும் வண்டி வெவ்வேறு இடத்தில் தேய்கிறது. அதனால் "இழுக்கல" என்றதும் நான் கேட்கும் முதல் கேள்வி, எங்கே இழுக்கவில்லை, சேற்றிலா, காய்ந்த உழவிலா, ரோட்டிலா என்பதுதான்.

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த பெரியவர் வண்டி உள்ளே வந்ததும் எங்களைக் கையைப் பின்னால் கட்டிக்கொள்ளச் சொல்வார். "தொடாத. ஓட்டச் சொல்லு. காதால கேளு, புகையைப் பாரு, சக்கரத்தைப் பாரு." இன்றுவரை நான் செய்வது அதைத்தான். எஞ்சினில் பிறக்கும் சக்தி கிளட்ச் வழியாகக் கியர் பாக்ஸுக்குப் போய், அங்கிருந்து பின் சக்கரத்துக்கு இறங்கி, கடைசியில் மண்ணைப் பிடிக்க வேண்டும். இந்தப் பாதையில் எங்கே தொலைகிறது என்று வண்டியே காட்டிக்கொடுக்கும். பாரம் ஏறும்போது எஞ்சின் சத்தம் அமுங்கித் திணறினால், சக்தி பிறக்கும் இடத்தில் குறை. சத்தம் மட்டும் கூடிக்கொண்டே போய்ச் சக்கரம் சோம்பலாகச் சுற்றினால் கிளட்ச் ஸ்லிப் அடிக்கிறது. சத்தமும் சரி, சக்கரமும் சுற்றுகிறது, வண்டி மட்டும் நகரவில்லை என்றால் எஞ்சினையும் கிளட்சையும் விட்டுவிட்டு டயரையும் மண்ணையும் பார்க்க வேண்டும். இதைப் பார்க்கக் கால் மணி நேரம் போதும். இதைச் செய்யாமல் வண்டியைப் பிரித்து நாள்கணக்கில் போட்டு வைத்திருக்கும் இடங்களைப் பார்க்கும்போது எனக்கு மனசு பொறுப்பதில்லை.

இரட்டை கிளட்ச் உள்ள வண்டி என்றால் இன்னும் எளிது. பெடலைப் பாதி மிதித்தால் வண்டி ஓட்டம் நிற்கும், முழுதாக மிதித்தால்தான் ரொட்டேவேட்டரைச் சுற்றும் பி.டி.ஓ. நிற்கும். உள்ளே இரண்டு பிளேட், சக்கரத்துக்கு மெயின் பிளேட், பி.டி.ஓ.வுக்கு இன்னொன்று. ரொட்டேவேட்டர் கத்தி தன் வேகத்தில் கணீரென்று சுற்றிக்கொண்டிருக்க, சக்கரம் மட்டும் பின்தங்கினால் எஞ்சின் மேல் பழி சொல்ல இடமே இல்லை. மெயின் பிளேட் தேய்ந்துவிட்டது, அவ்வளவுதான். கத்தியும் சக்கரமும் ஒன்றாகச் சோர்ந்தால் அப்போது எஞ்சின் பக்கம் திரும்பலாம்.

கிளட்சுக்கு இன்னொரு சோதனையும் உண்டு. சமதரையில் வண்டியை நிறுத்தி, இரண்டு பிரேக் பெடலையும் கொக்கி போட்டுச் சேர்த்து அழுத்தி, உயர்ந்த கியரில் போட்டு, ரேஸ் கொஞ்சம் கொடுத்துக் கிளட்சை மெல்ல விடுவது. நல்ல கிளட்ச் என்றால் எஞ்சின் திணறி நின்றுவிடும். நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால் உள்ளே பிளேட் வழுக்குகிறது. சில நொடிதான் பார்க்க வேண்டும், அதற்கு மேல் பிடித்தால் சோதனையே பிளேட்டைக் கருக்கிவிடும். வண்டிக்கு முன்னால் யாரும் நிற்கக் கூடாது. பிரேக் பிடிப்பு சரியில்லாத வண்டியில் இதைச் செய்யவே கூடாது.

இனி, அந்த பிளேட் ஏன் போகிறது என்பது. இதைப் பற்றி எவ்வளவு பேசினாலும் எனக்குப் போதாது. என் அனுபவத்தில் கிளட்ச் பிளேட் வயதாகிச் சாவது குறைவு, காலால் மிதிபட்டுச் சாவதுதான் அதிகம். தாமல் பக்கத்து விவசாயி ஒருவர் ஒரே பட்டத்தில் இரண்டாவது பிளேட்டோடு வந்தார். பிளேட் மட்டமான சரக்கு என்பது அவர் முடிவு. கழற்றிப் பார்த்ததில் சரக்கில் குறை தெரியவில்லை. லைனிங் பளபளவென்று கண்ணாடி போட்ட மாதிரி இருந்தது. பிரஷர் பிளேட்டில் நீலம் பாய்ந்திருந்தது. சூடேறிய இரும்பு. புது பிளேட் போட்டுக் கொடுத்துவிட்டு, மறுநாள் அவர் வயலுக்கே போய் வரப்பில் நின்று பார்த்தேன். ஓட்டியது அவருடைய அக்கா மகன், வேலையில் கெட்டிக்காரப் பையன். கால் மட்டும் கிளட்ச் பெடலை விட்டு இறங்கவே இல்லை.

"காலை எடு தம்பி."

"மிதிக்கலண்ணா, சும்மா வெச்சினு கீறேன்."

சும்மா வைத்திருக்கும் காலின் எடை போதும். பெடல் கொஞ்சம் இறங்கினாலே உள்ளே ரிலீஸ் பேரிங் பிரஷர் பிளேட்டின் விரல்களைத் தொட்டு அழுத்தும். ஸ்பிரிங்கின் பிடி அந்த அளவுக்குத் தளரும். பாரம் இல்லாத நேரத்தில் தெரியாது. சேற்றில் ரொட்டேவேட்டர் இறங்கியதும் பிளேட் நூலிழை நூலிழையாக வழுக்கத் தொடங்கும். வழுக்கினால் சூடு, சூடேறினால் இன்னும் வழுக்கும். கருகிய வாடை ஓட்டுகிறவன் மூக்குக்கு வரும்போது பாதி பிளேட் போயிருக்கும்.

அந்தப் பையனைத் திட்டிவிட்டு வந்திருந்தால் மூன்றாவது பிளேட்டும் போயிருக்கும். அவன் கால் ஏன் அங்கேயே இருக்கிறது என்று பார்த்தேன். கால் வைக்கும் தகட்டில் இருந்த ரப்பர் எப்போதோ போய்விட்டது. சேற்றுக் காலோடு வைத்தால் வழுக்குகிறது. சீட் முன்னே பின்னே நகரும் கம்பி துருப்பிடித்து இறுகிவிட்டதால், அவன் உயரத்துக்குக் காலை மடக்கி வைக்க வேறு இடமும் இல்லை. பட்டறைக்கு வரச் சொல்லி, சீட்டைப் பின்னுக்குத் தள்ளி, தகட்டில் சொரசொரப்பாகக் கம்பி வைத்து வெல்டிங் அடித்துக் கொடுத்தேன். அதற்குப் பிறகு அந்த வண்டி கிளட்சுக்காக என்னிடம் வரவில்லை. ஓட்டுநரின் பழக்கம் என்று நாம் ஒதுக்கிவிடும் பலவற்றுக்கு வண்டியிலேயே ஒரு காரணம் இருக்கும்.

பெடலில் விளையாட்டு இருக்க வேண்டும் என்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள். கையால் அழுத்தினால் முதலில் சும்மா இறங்கி, பிறகுதான் கனம் தட்ட வேண்டும். மாடலுக்கு மாடல் அளவு வேறு, பொதுவாக முக்கால் அங்குலத்திலிருந்து ஒரு அங்குலம். பிளேட் தேயத் தேய இந்த விளையாட்டு குறைந்துகொண்டே வரும். முற்றிலும் இல்லாமல் போனால், யாரும் காலே வைக்காவிட்டாலும் பேரிங் எப்போதும் அழுத்திக்கொண்டிருக்கும். கிளட்ச் போச்சு என்று வந்த வண்டிகளில் பெடல் கம்பியின் நட்டைத் திருகி விளையாட்டைத் திரும்பக் கொடுத்ததோடு தீர்ந்தவையும் உண்டு. பிளேட் கருகுவதற்கு முன்னால் வந்துவிட்டால் வேலை அத்தோடு முடிந்தது.

அடுத்தது எண்ணெய். எஞ்சினின் பின்பக்க ஆயில் சீலோ, கியர் பாக்ஸ் ஷாஃப்ட்டின் சீலோ கசிந்தால் அந்த எண்ணெய் நேராகக் கிளட்ச் கூட்டுக்குள் வரும். எண்ணெய் நனைத்த லைனிங்கைப் பெட்ரோலில் கழுவிக் காயவைத்துத் திரும்ப மாட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். நான் செய்வதில்லை. லைனிங் உள்வரை குடித்துவிடும். சூடேறியதும் மறுபடி கக்கும். கசிவை அடைத்து, புது பிளேட் போடுவதுதான் முறை. எந்தச் சீல் என்று பிரிக்காமலே ஓரளவு ஊகிக்கலாம். கருப்பாக, கரிப் பிசுக்கோடு இருந்தால் எஞ்சின் எண்ணெய். தெளிவாக, கெட்டியாக இருந்தால் கியர் பாக்ஸ்.

கிளட்ச் கூட்டின் அடியில் ஒரு சிறு ஓட்டை இருக்கும். பல வண்டிகளில் அதில் ஒரு ஸ்ப்ளிட் பின் தொங்கிக்கொண்டிருக்கும். வண்டி ஆட அந்த பின்னும் ஆடி ஓட்டையை அடைபடாமல் வைக்கும். உள்ளே கசிவதை வெளியே சொட்டவிட்டு நமக்குச் சொல்லத்தான் அதை வைத்திருக்கிறார்கள். எங்கள் பகுதிச் சேற்றில் அந்த ஓட்டைதான் முதலில் அடைபடும். களிமண் காய்ந்து சிமெண்ட் மாதிரி இறுகியிருக்கும். கசிந்த எண்ணெயும் புகுந்த தண்ணீரும் வெளியேற வழியின்றி உள்ளேயே நிற்கும். ஆழமான தண்ணீரில் இறங்கும்போது சில மாடல்களில் அங்கே அடைப்பான் திருகச் சொல்கிறார்கள். அதுவும் சரிதான், ஆனால் வேலை முடிந்ததும் கழற்றிவிட வேண்டும். கழற்றாமல் அடுத்த பட்டம்வரை ஓடிய வண்டிகள் என் பட்டறைக்கு வந்திருக்கின்றன.

பிரித்தே ஆக வேண்டும் என்று தெரிந்துவிட்டால் அவசரம் கூடாது. ட்ராக்டருக்குத் தனியாகச் சட்டம் கிடையாது. எஞ்சினும் கியர் பாக்ஸும்தான் முதுகெலும்பு. நடுவில் பிரித்தால் வண்டி இரண்டு துண்டு. முன் அச்சு நடுவில் ஒரே பின்னில் இப்படியும் அப்படியும் ஆடும்படி அமைந்தது. அதன் இரு பக்கமும் மரக்கட்டை ஆப்பு செருகாமல் பிரித்தால் எஞ்சின் பக்கவாட்டில் சாய்ந்துவிடும். பையன்களிடம் முதல் நாளே இதைத்தான் சொல்வேன், ஆப்பு வைக்காத வண்டிக்குக் கீழே யாரும் போகக் கூடாது. ஜாக்கி தூக்குவதற்கு மட்டும், தாங்குவதற்கு ஸ்டாண்டு.

பிளேட்டை மட்டும் மாற்றிவிட்டு மூடுவதும் தவறு. ஃப்ளைவீல் முகத்தில் ரிவெட் கீறிய கோடு இருந்தால் லேத்தில் முகம் எடுக்க வேண்டும். பிரஷர் பிளேட்டின் மூன்று விரல்களும் ஒரே உயரத்தில் நிற்க வேண்டும். ஒன்று தாழ்ந்தாலும் பெடலை விடும்போது வண்டி உதறும். சீலையும் ஃப்ளைவீல் நடுவில் இருக்கும் சிறு பேரிங்கையும் அப்போதே மாற்றிவிடுவது லாபம், அதற்காக மறுபடி வண்டியைப் பிரிக்க முடியாது. ரிலீஸ் பேரிங்கை டீசலில் போட்டுக் கழுவக் கூடாது. உள்ளே அடைத்து வைத்த கிரீஸ் கரைந்துபோய், சில வாரத்தில் அலறத் தொடங்கும். பிளேட்டை நடுவில் நிறுத்தப் பழைய ஷாஃப்ட் துண்டு ஒன்றை வைத்திருக்கிறேன். அதைச் செருகி நேர் பார்த்துவிட்டுத்தான் போல்ட்டை இறுக்குவேன். இரண்டு பாதியையும் சேர்க்கும்போது கியர் பாக்ஸின் எடை பிளேட்டின் நடுவில் தொங்கினால் புது பிளேட் அங்கேயே வளைந்துவிடும்.

ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். கிளட்ச் கூட்டில் படிந்த தூசியைக் கம்ப்ரசர் காற்றால் ஊதாதீர்கள். பழைய லைனிங்குகளில் கல்நார் இருந்தது. அந்தத் தூசி நுரையீரலுக்குள் போனால் பல ஆண்டுகள் கழித்து நோயாக வெளிப்படும். ஈரத் துணியால் துடைத்து எடுங்கள். பட்டறையில் வேலை கற்க வரும் பையன்களுக்கு இதைச் சொல்ல வேண்டியது மேஸ்திரிகளின் கடமை.

எஞ்சின் பக்கம் வருகிறேன். புகைதான் முதல் சாட்சி. பாரம் ஏறும்போது கரும்புகை தள்ளித் திணறினால், எரியும் டீசலுக்குத் தக்க காற்று கிடைக்கவில்லை, அல்லது சுமை வண்டியின் சக்திக்கு மேல். நீலப் புகை என்றால் எஞ்சின் ஆயில் எரிகிறது. வெள்ளைப் புகை எரியாத டீசல், சில சமயம் தண்ணீர். புகையே இல்லாமல் சோர்ந்துபோனால் எஞ்சினுக்கு டீசல் போதவில்லை. இந்தக் கடைசி வகையில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள்.

வாலாஜாபாத் பக்கத்திலிருந்து ஒரு வண்டி வந்தது. காலையில் நன்றாகத்தான் ஓடும். முக்கால் மணி நேரம் போனதும் மெல்ல மெல்லச் சோர்ந்து நின்றுவிடும். கொஞ்ச நேரம் விட்டு ஸ்டார்ட் செய்தால் மறுபடி பழைய பலம். வேறு பட்டறையில் பம்பைக் கழற்றி பெஞ்சில் வைத்துக் காலிபரேஷன் செய்து, நாசிலும் மாற்றியிருந்தார்கள். குறை அப்படியே இருந்தது. "புகை வருதா ஐயா?" என்று கேட்டேன். "புகையே வர்லப்பா, தூக்கம் வந்த மாதிரி அடங்கிடுது" என்றார் அந்தப் பெரியவர். வண்டியை ஓடவிட்டு, சோர்ந்த அந்த நேரத்தில் டேங்க் மூடியைத் திறந்தேன். புஸ் என்று காற்றை உள்ளே இழுத்த சத்தம் அவருக்கே கேட்டது. எஞ்சின் உடனே நிமிர்ந்தது. பழைய மூடி தொலைந்து, கடையில் கிடைத்த ஒரு மூடியைப் போட்டிருக்கிறார். அதில் காற்று போகும் ஓட்டை கிடையாது. டீசல் வெளியேறும் அளவுக்குக் காற்று உள்ளே போக வேண்டும். போகாவிட்டால் டேங்கில் வெற்றிடம் உண்டாகி டீசல் வர மறுக்கும். சரியான மூடி ஒன்று, அத்தோடு தீர்ந்தது. பம்புக்கும் நாசிலுக்கும் அவர் கொடுத்த பணத்தை நினைத்து அன்று முழுதும் எனக்கு வேதனையாக இருந்தது.

டேங்கிலிருந்து நாசில்வரை டீசல் வரும் வழியை ஒவ்வொரு படியாகப் பார்ப்பதற்குப் பொறுமைதான் வேண்டும், பெரிய கருவி எதுவும் வேண்டாம். டேங்க் அடியில் சல்லடை, செடிமென்ட் கிண்ணம், ஃபீட் பம்ப், இரண்டு ஃபில்டர். கேனில் டீசல் வாங்கி வந்து வயல் வரப்பிலேயே ஊற்றும் பழக்கம் இங்கே அதிகம். கேனோடு தூசியும் தண்ணீரும் வரும். பாதி டேங்கோடு இரவு நிறுத்தினால் குளிரில் உள்சுவர் வியர்த்துத் தண்ணீர் சேரும். மாலையிலேயே டேங்கை நிரப்பி நிறுத்துவது நல்லது. ஃபில்டர் மாற்றினால் ஏர் எடுக்க வேண்டும். முதல் ஃபில்டரின் திருகைத் தளர்த்தி, கை பம்பை அடித்து, நுரையின்றி டீசல் வரும்வரை விட்டு மூடி, பிறகு இரண்டாவது, பிறகு பம்ப். வரிசை மாறினால் காற்று நடுவில் சிக்கிக்கொள்ளும்.

பம்பைக் கழற்றும் முன் ஒரு ஆளை ஏறி ஆக்சிலேட்டரை முழுதாகக் கொடுக்கச் சொல்லிவிட்டு, கீழே பம்பில் இருக்கும் லீவர் தன் எல்லைத் திருகைத் தொடுகிறதா என்று பாருங்கள். கம்பியின் பின் தேய்ந்து, ஓட்டுநர் முழு ரேஸ் கொடுத்தும் பம்ப் முக்கால்தான் திறந்திருக்கும் வண்டிகள் ஏராளம். அதே பம்பில் அதிகபட்ச டீசல் அளவுக்குச் சீல் வைத்த திருகு ஒன்று உண்டு. சீலை உடைத்து அதைத் திருகி "பவர் ஏத்தித்" தருகிறவர்கள் இருக்கிறார்கள். அன்றைக்கு வண்டி சீறும். கரும்புகை தள்ளும், எஞ்சின் கொதிக்கும், எரியாத டீசல் சிலிண்டர் சுவரில் இருக்கும் எண்ணெய்ப் படலத்தைக் கழுவிக்கொண்டு போகும். ரிங் தேய்ந்து ஓரிரு ஆண்டில் எஞ்சின் வேலைக்கு வந்து நிற்கும். இதற்கு உடன்படாதீர்கள்.

காற்றுக்கு ஆயில் பாத் ஏர் கிளீனர் இருந்தால் கிண்ணத்தைக் கழற்றி அடியில் படிந்த சேற்றைப் பார்க்க வேண்டும். காய்ந்த மண்ணில் ரொட்டேவேட்டர் ஓட்டும் கோடையில் அது வேகமாக நிறையும். ஏர் கிளீனருக்கும் எஞ்சினுக்கும் நடுவில் இருக்கும் ரப்பர் குழாயில் ஒரு வெடிப்பு இருந்தால் போதும், வடிகட்டாத தூசி நேரே சிலிண்டருக்குள் போய் உப்புத்தாள் தேய்க்கிற வேலையைச் செய்துவிடும். அப்படித் தேய்ந்த எஞ்சினில், ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் புகை குப் குப்பென்று தள்ளும். அதைப் பார்த்த பிறகுதான் எஞ்சின் இறங்கிவிட்டது என்று சொல்லும் உரிமை நமக்கு வருகிறது. ஒரு சிலிண்டர் மட்டும் வேலை செய்யவில்லை என்று சந்தேகம் வந்தால், நாசில் குழாயின் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்திப் பார்த்தால் தெரியும். எதைத் தளர்த்தியும் எஞ்சின் சத்தம் மாறவில்லையோ அந்தச் சிலிண்டர் ஏற்கெனவே தூங்குகிறது. டீசல் கண்ணிலும் கையிலும் பீய்ச்சாமல் துணி சுற்றிக்கொள்ள வேண்டும். வண்டி இழுக்காததற்குப் பிரேக் பிடித்துக்கொண்டே ஓடுவதும் ஒரு காரணம், கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டுப் பின் அச்சுக் கூட்டைத் தொட்டால் சூடே சொல்லிவிடும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். "50 எச்.பி. வண்டி வாங்கினேன், ரொட்டேவேட்டர் இழுக்கலியே" என்று கேட்பவர்களுக்கு, அந்த 50 எஞ்சினின் கணக்கு, பி.டி.ஓ.வில் அதைவிடக் குறைவு, சேற்றில் சக்கரம் இழுக்கும்போது இன்னும் குறைவு என்று விளக்குவேன். விளம்பரத்தில் சொன்ன சக்தி வண்டியில் இல்லை என்ற சண்டை பழையது. அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் விவசாயிகள் இப்படி ஏமாந்ததால்தான் 1919இல் ட்ராக்டர் சோதனைச் சட்டமே வந்தது, சோதித்துத் தேறாத மாடலை அந்த மாநிலத்தில் விற்க முடியாது என்று. நம் நாட்டில் மத்தியப் பிரதேசத்துப் புத்னியில் இருக்கும் மத்திய அரசு நிலையம் இந்தச் சோதனைகளைச் செய்கிறது. வண்டி வாங்கும்போது அந்தச் சோதனை அறிக்கையில் பி.டி.ஓ. சக்தி எவ்வளவு என்று கேளுங்கள்.

கடைசியாகச் சக்கரம். களக்காட்டூரிலிருந்து ஒருவர் கிளட்ச் மாற்றியே ஆக வேண்டும் என்று வந்தார். வேறு இடத்தில் விலையும் கேட்டுவிட்டார். அவர் வயலில் ஒன்பது கொத்துக் கலப்பையோடு ஓட்டச் சொல்லிப் பார்த்தேன். எஞ்சின் திணறவில்லை, சக்கரம் நன்றாகவே சுற்றியது. பின் டயரில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டேன். கலப்பையைத் தூக்கி வைத்துப் பத்துச் சுற்றுக்கு வண்டி போகும் தூரம், கலப்பையை இறக்கி அதே பத்துச் சுற்றுக்குப் போகும் தூரம், இரண்டையும் அளந்தால் போதும். தூக்கி வைத்து 40 மீட்டர், இறக்கி 30 மீட்டர் என்றால் நூற்றுக்கு 25 பங்கு சுற்று வெறும் வழுக்கல். காய்ந்த உழவில் 10 முதல் 15 வரை இருப்பது நல்லது. அதற்கு மேல் போனால் டீசலும் டயரும் மண்ணில் கரைகின்றன. அவர் வண்டியில் பஞ்சர் ஒட்டியபோது ஒரு டயரைத் திருப்பி மாட்டிவிட்டார்கள். பக்கத்தில் இருக்கும் அம்புக்குறி பின்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. அப்படி மாட்டினால் கட்டைகள் மண்ணைப் பிடிக்காது, ஒட்டிய களியையும் உதறாது. போதாததற்கு, செங்கல் லோடுக்காகக் காற்றைக் கல்லாக அடித்து வைத்திருந்தார். வயலுக்குப் பின் டயரில் பெரும்பாலும் 12 முதல் 16 பவுண்டுக்குள் போதும், டயர் கொஞ்சம் பரந்து மண்ணில் உட்கார வேண்டும். டயரைத் திருப்பி, காற்றைக் குறைத்து அனுப்பினேன். கிளட்சைத் தொடவே இல்லை.

பின் டயரில் தண்ணீர் நிரப்புவது நம் ஊருக்கு ஏற்ற வழி. வால்வை மேலே வருமாறு நிறுத்தி, அந்த மட்டம்வரை நிரப்பினால் முக்கால் பங்கு தண்ணீர், மீதி காற்று. காய்ந்த உழவுக்கு அது பலம். சேடைக்கு வேண்டாம், எடை கூடினால் வண்டி புதையும்.

வழுக்கலைக் குறைக்க வண்டியிலேயே இன்னொரு வழியும் உண்டு. ஹைட்ராலிக் லீவர் இரண்டு இருந்தும் ஒன்றை மட்டுமே பயன்படுத்தும் பழக்கம் எங்கும் பரவியிருக்கிறது. பொசிஷன் லீவர் கலப்பையின் உயரத்தைப் பிடித்து வைக்கும். டிராஃப்ட் லீவர் மண் எதிர்க்கும் பலத்தைப் பார்த்துக் கலப்பையைத் தானே ஏற்றி இறக்கும். இறுகிய இடம் வந்ததும் கலப்பை கொஞ்சம் எழும்பி, அதன் பாரம் பின் சக்கரத்தில் ஏறி, பிடிப்பு கூடும். அயர்லாந்துக்காரர் ஹாரி ஃபெர்குசன் கண்டுபிடித்த இந்த ஏற்பாடுதான் இலேசான வண்டியையும் ஆழ உழவைத்தது. 1939இல் ஃபோர்டு வண்டியில் வந்தது. மாஸ்ஸி ஃபெர்குசன் வண்டிகளோடு, 1960இல் சென்னையில் தொடங்கிய டாஃபே மூலம் நம் வயல்களுக்கும் வந்தது. இத்தனை ஆண்டாகியும் அந்த லீவரைத் தொடாமலே வண்டி வழுக்குகிறது என்று சொல்கிறோம். ஒரு வயலில் ஒரு காலை நேரம் அதைப் பழகிப் பாருங்கள்.

ட்ராக்டர் வைத்திருப்பவர்களுக்கும் ஓட்டும் தம்பிகளுக்கும் ஒரு வேண்டுகோள். பட்டறைக்கு வரும்போது குறைக்குப் பெயர் வைத்துக்கொண்டு வராதீர்கள். பாரம் ஏறும்போது எஞ்சின் சத்தம் ஏறியதா இறங்கியதா, என்ன நிறப் புகை வந்தது, வண்டி குளிர்ந்திருந்தபோதே வந்த குறையா சூடான பிறகு வந்ததா, சக்கரம் சுற்றியதா நின்றதா, இவற்றைப் பார்த்துவிட்டு வாருங்கள். கூடவே டேங்க் மூடி, ஃபில்டர், டயர், பிளேட் ஆகியவற்றில் கடைசியாக எதை மாற்றினீர்கள் என்றும் சொல்லுங்கள். இதையெல்லாம் கேட்காமல் வண்டியைப் பிரிக்கத் தொடங்கும் மேஸ்திரியிடம், கொஞ்சம் ஓட்டிப் பார்த்துவிட்டுப் பிரிக்கச் சொல்லுங்கள்.